கோப்பைத் திறக்கத் தெரியாத கலைப்பீடம்

23 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவு பூச்சியம் பைட் என்று காட்டிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்காக நாங்கள் நாலு பேர் ஊர் ஊராகத் திரிந்து எடுத்த நேர்காணல்கள் அவை. 1995 இடப்பெயர்வைப் பற்றிப் பெண்களிடம் கேட்டு, போனில் பதிந்து, கையால் எழுதி, பிறகு ரைப்செற்றிங் கடையில் குடுத்து பாமினியில் அடித்து எடுத்தோம். பாமினியில் இருந்தால் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க ஏலாது. யூனிகோடுக்கு மாற்றினால் ஆர் ஆர் எந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கினம் என்று ஒரே தேடலில் எடுக்கலாம். ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி மாற்ற அலுப்பு. இணையத்தில் பார்த்துப் பார்த்து பைதனில் சின்னதாக ஒரு நிரல் எழுதினோம்: கோப்பை வாசி, எழுத்தை மாற்று, அதே கோப்பில் திரும்ப எழுது. ஒரு செக்கனுக்குள் ஓடி முடிந்தது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. "முடிந்தது" என்று நாங்களே போட்ட வசனம் மட்டும் திரையில் வந்தது.

14 கோப்புகளின் பிரதி கடைக்கார அண்ணாவின் கணினியில் இருந்தது. ஆறு நேர்காணல்களுக்குப் போன் பதிவு மிஞ்சியிருந்தது, திரும்பக் கேட்டுக் கேட்டு எழுதினோம். மூன்றுக்கு ஒன்றும் இல்லை. போனில் இடம் போதாது என்று பதிவை அழித்திருந்தோம், ரைப் பண்ணி முடிந்த கையெழுத்துத் தாள்களை எறிந்திருந்தோம். அந்த மூன்று பேரில் இரண்டு பேரிடம் திரும்பப் போனோம். மூன்றாவது அம்மா அதற்கிடையில் காலமாகிவிட்டா.

பிழை எங்கடதான். அதை ஆருடைய தலையிலும் கட்டப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வியை விட ஏலாது. பதினைந்து, பதினாறு வருடம் எழுத்தோடேயே கிடந்து படித்த நாலு பேருக்கு, எழுத்து ஒரு கணினிக்குள் எப்படி இருக்குது, எப்ப இருக்குது, எப்ப இல்லாமல் போகுது என்று ஏன் தெரியவில்லை? "அது கம்பியூட்டர் ஆக்களின்ர வேலை" என்று எங்கட பீடம் நினைக்கிறது, நாங்களும் வசதியாக அப்படியே நினைத்துவிட்டோம். அந்த நினைப்போடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது எதற்காகத் திறக்கிறது என்று சொல்லவேணும். வாசிக்க 'ஆர்', எழுத 'டபிள்யூ', முடிவில் சேர்க்க 'ஏ'. ஒற்றை எழுத்துத்தான். ஆனால் 'டபிள்யூ' என்று திறந்த அந்தக் கணமே கோப்பில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் வெட்டப்படும். ஒரு எழுத்தும் எழுதத் தேவையில்லை, திறந்தாலே போதும். நாங்கள் வாசிக்க ஒரு பக்கம் திறந்துவிட்டு, ஒரு வரியும் வாசிக்க முதல், அதே கோப்பை எழுத மற்றப் பக்கம் திறந்தோம். அதற்குப் பிறகு வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததை மாற்றி ஒன்றும் இல்லாததை எழுதியது நிரல். அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்கு. அதனால்தான் பிழைச் செய்தியும் வரவில்லை.

இது எந்தப் பைதன் புத்தகத்திலும் கோப்புகள் பற்றிய அத்தியாயத்திலேயே இருக்கிறது. இதே வேலைக்கு 'எக்ஸ்' என்று இன்னொரு எழுத்தும் இருக்கிறது. அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறக்கமாட்டன் என்று அது மறுத்துவிடும். அந்த எழுத்தை மாத்திரம் மாற்றிப் போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு பிழைச் செய்தி வந்திருக்கும், கோப்புகள் அப்படியே இருந்திருக்கும்.

கணினிப் பாடம் எங்களுக்கும் இருந்தது. அதில் வேர்டில் எழுத்தைத் தடிப்பாக்கப் படித்தோம், ஸ்லைட் பறந்து வரச் செய்யப் படித்தோம், எக்செலில் கூட்டுத்தொகை போட்டோம். கோப்பு என்றால் மஞ்சள் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு படம் என்பதோடு நின்றது. "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு இவ்வளவும் காணும்" என்று ஒருமுறை எங்கட முகத்துக்கு நேரேயே சொல்லப்பட்டது. காணாது என்பதற்கு 23 பூச்சியங்கள் சாட்சி.

கோப்புக்குள் இருப்பது எழுத்து என்று நினைக்கிறோம். அங்கே இருப்பது பைட்டுகளின் வரிசை, அதாவது 0 முதல் 255 வரையான எண்கள். எந்த எண்ணை எந்த எழுத்தாக வாசிப்பது என்ற உடன்பாடு வேறாக இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லையே எடுங்கோ. எங்களுக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்-8 முறையில் கோப்பில் வைத்தால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். பாமினியில் அதே சொல் ஐந்தே பைட். ஆனால் அந்த ஐந்தும் ஆங்கில விசைப்பலகையின் ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. கோப்புக்குள் தமிழ் கிடையவே கிடையாது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது பாமினி என்ற எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. "கொ" என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலே வைக்கிறோம்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆகவே பாமினியிலிருந்து மாற்றும் நிரல் எழுத்துக்கு எழுத்து பதிலாகப் போட்டால் சரிவராது. கொம்பைக் கண்டதும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யைப் பார்த்து, அதற்கும் அடுத்து அரவு வருகுதா என்று பார்த்து, பிறகுதான் முடிவு செய்யவேணும். யூனிகோடுக்குள்ளேயே ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் அரவுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று மற்றதைப் பிடிக்காது, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வரைக்கும்.

இப்ப கேட்கிறோம்: இதில் எது கணினி விஞ்ஞானம், எது எழுத்திலக்கணம்? எழுத்து எது, குறி எது, ஒலிக்கும் வரிசை எது, எழுதும் வரிசை எது என்ற கேள்விகளைத்தானே தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தையும் நன்னூலையும் வைத்துக்கொண்டு வகுப்பில் கேட்கிறோம்? கணினி படிக்கிற கூட்டாளி ஒருத்தன் எங்களுக்காக ஒரு நிரல் எழுதித் தந்தான், தலைப்பின் முதல் மூன்று எழுத்தை எடுத்துக் கோப்புக்குப் பெயர் வைக்கிற நிரல். "தமிழ்" என்று குடுத்தால் "தமி" என்று வந்தது. அவனுக்கு அது சரி, மூன்று குறி எடுத்திருக்குது. எங்களுக்கு அது பிழை. அவன் கெட்டிக்காரன், நிரலும் ஓடியது. அவன் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது, அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் கலைப்பீடத்தில் இருந்தோம், ஆனால் எங்களுக்கு நிரல் வாசிக்கத் தெரியவில்லை. "கம்பியூட்டர் ஆக்களின்ர வேலை" என்ற வசனம் உடைந்துபோகும் இடம் இதுதான்.

அடுத்தது நினைவகம். இதைச் சின்னப் பிள்ளையாகவே படித்தோம், பெயர்தான் வேறு. எங்கட அம்மம்மாமார் பள்ளிக்கூடத்துக்கு சிலேட்டும் கொண்டுபோனவை, கொப்பியும் கொண்டுபோனவை. கணக்கைச் சிலேட்டில் செய்துபார்த்து, சரி என்றால் கொப்பியில் எழுதுவது. சிலேட்டில் எழுதுவது சுகம், அழிப்பதும் சுகம், பையில் வைத்து உரசினால் எல்லாம் போய்விடும். கணினியின் நினைவகம் சிலேட். கோப்பு கொப்பி.

பைதனில் 'ஸ்ட்ரிங்ஐஓ' என்று ஒன்று இருக்கிறது. அது நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் எழுத்துத் தாங்கி, ஆனால் வெளியில் பார்க்க ஒரு கோப்பைப் போலவே நடக்கும். கோப்பில் எழுதுவதுபோல் எழுதலாம், வரிவரியாக வாசிக்கலாம். வன்தட்டில் ஒன்றும் தொடப்படாது. இதைப் படித்த அன்று எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. மாற்றிய எழுத்தை முதலில் இந்தச் சிலேட்டில் விட்டு, வரி எண்ணிக்கை சரியா, ஊர்ப் பெயர்கள் வடிவாக வந்திருக்குதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேறொரு பெயரில் கோப்பாக எழுதியிருந்தால் அந்த அம்மாவின் கதை இன்றைக்கும் இருந்திருக்கும். கூடப்போனால் ஐந்து வரி அதிகம்.

இதற்கும் பழக்கம் வேணும். எழுதி முடிந்ததும் உடனே வாசித்தால் வெறுமையாக வரும், எல்லாம் போட்டுது என்று நெஞ்சு பதறும். போகவில்லை. எழுதும்போது கூடவே ஒரு விரல் நகர்ந்துகொண்டு வருகிறது, எழுதி முடிந்த இடத்தில் நிற்கிறது. வாசிப்பது விரல் நிற்கும் இடத்திலிருந்துதான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 'சீக்' என்ற கட்டளையால் விரலைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் முதலிலிருந்து வாசிக்கலாம். அல்லது 'கெட்வேல்யூ' என்று கேட்டால் விரல் எங்கே நின்றாலும் முழுவதையும் தரும். ஆனால் தாங்கியை மூடினால் உள்ளே இருந்ததும் அதோடு போய்விடும். கொப்பியை மூடினால் எழுத்து நிற்கும், சிலேட்டை மூடினால் நிற்காது. உருவம் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றென்று நம்பினால் திரும்பவும் பூச்சியம்.

கோப்பில் நேரே எழுதுகிறோம் என்று நினைக்கும்போதும் இடையில் ஒரு சிலேட் இருக்கிறது. வன்தட்டில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவது மெத்தனம் என்பதால், நிரல் எழுதச் சொன்னதை நினைவகத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்து, நிரம்பியதும் ஒரேயடியாகத் தள்ளும். கோப்பை மூடினால், அல்லது 'ஃப்ளஷ்' என்று சொன்னால், மிச்சம் தள்ளப்படும். அதற்குப் பிறகும் இயங்குதளம் தன் கையில் கொஞ்சம் வைத்திருக்கும். பென்டிரைவை இழுத்துப் பிடுங்காமல் 'எஜெக்ட்' பண்ணச் சொல்வது இதனால்தான். 2022 இல் மின்வெட்டுக்குள் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. பற்றறி செத்த பழைய லப்டொப்பில், மின்சாரம் போன கணத்தில் திரையில் இருந்த பக்கம் எங்கே போனது? அது கொப்பிக்கு வரவேயில்லை. சிலேட்டில் இருந்தது. "சேவ் பண்ணேல்லையா?" என்று கேட்ட எல்லாருக்கும் தெரியாமலே இந்தப் பாடம் தெரிந்திருக்கிறது. முறையாகச் சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவுதான்.

தமிழுக்கென்றே வருகிற ஒரு கோளாறும் இருக்கிறது. கோப்பைத் திறக்கும்போது எந்த உடன்பாட்டில் வாசிப்பது என்று சொல்லாவிட்டால், பைதன் பலகாலமாக அந்தக் கணினியின் உள்ளூர் அமைப்பைக் கேட்டு அதையே எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்புள்ள வின்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. யூ.டி.எஃப்-8 தமிழை அந்தப் பட்டியலால் வாசித்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகப் பக்கம் முழுக்க வரும். எல்லாரும் ஒருநாளாவது கண்டிருப்பீர்கள். பைதன் அதையும் தாண்டாமல் பல இடங்களில் நின்றுவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பைட்டாக வைக்கப்படுகிறது, அதன் கடைசிப் பைட்டின் எண் 141. 1252 பட்டியலில் 141 ஆம் இடம் வெறுமை. உகரக் குறியின் கடைசிப் பைட்டுக்கும் அதே கதி. அதாவது எங்கட கோப்பில் முதல் புள்ளியோ முதல் உகரக் குறியோ வரும் இடத்தில் நிரல் தடக்கி விழும். மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியத்தில் படித்தவர்கள், அந்தப் புள்ளி ஏன் ஒரு கணினியை விழுத்துகிறது என்று படிக்கவில்லை.

எழுதும்போது இது இன்னும் பொல்லாதது. உடன்பாட்டைச் சொல்லாமல் 'டபிள்யூ' போட்டுத் திறந்து, தமிழை எழுதப் போனால் "இந்தப் பட்டியலில் இந்த எழுத்து இல்லை" என்று பிழை வரும். பிழை வருவது எழுதும்போது. கோப்பு வெட்டப்பட்டது அதற்கு முதலே, திறக்கும்போது. ஆகப் பிழைச் செய்தியும் கிடைக்கும், வெறும் கோப்பும் கிடைக்கும். பைதனின் 3.15 ஆம் பதிப்பிலிருந்து யூ.டி.எஃப்-8 ஐயே இயல்பாக எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது, நல்ல விடயம். அது எங்கட ஆய்வுகூடக் கணினிகளுக்கு எப்ப வருகுதோ, அதுவரைக்கும் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நாங்களே எழுதிச் சொல்லவேணும்.

பெரிய கோப்பைத் துண்டுதுண்டாக வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல். வெறும் பைட்டாக 4096 படி வாசித்தால், இடைவெளியே இல்லாத தமிழென்று வைத்துக்கொண்டால், 1365 குறிகள் முழுதாக வரும், மிச்சம் ஒரு பைட் தனியாகத் தொங்கும். அடுத்த குறியின் மூன்றில் ஒரு பங்கு அது. எழுத்தாக வாசிக்கச் சொல்லித் திறந்தால் அந்த மிச்சத்தைப் பைதனே நினைவகத்தில் பிடித்து வைத்து அடுத்த துண்டோடு சேர்க்கும். பாமினியின் ஒற்றைக் கொம்பு துண்டின் கடைசியில் வந்தால் அதைப் பிடித்து வைப்பது எங்கட பொறுப்பு. தாங்கி என்பது எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கு வடிவாக விளங்கியது. அரைகுறையாக வந்ததை, மிச்சம் வரும்வரைக்கும் சிந்தாமல் வைத்திருக்கத்தான்.

இவ்வளவும் சொன்னால் மூன்று பதில் வருகிறது. மூன்றையும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டோம்.

முதலாவது, "பீ.டி.எஃப். இருக்குத்தானே." பாமினியில் அடித்து எடுத்த பீ.டி.எஃப். ஒன்றைத் திறந்து ஒரு பந்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கோ. ஜே, கே, பீ என்று ஆங்கிலம் கொட்டும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். பார்வையற்ற நண்பருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் வாசித்துக் காட்டும். கண்ணால் வாசிப்பவருக்கு மட்டும் அது தமிழ். எங்கட துறைகளில் அலுமாரி அலுமாரியாக இருக்கும் ஆய்வேடுகளோடு ஒட்டியிருக்கும் சீடிகளில் எத்தனையில் இப்படி இருக்குதோ! சீடி போடும் தட்டே இப்ப கணினிகளில் வருவதில்லை என்பது வேறு கதை.

இரண்டாவது, "பாமினியைக் குறை சொல்லாதையுங்கோ, அதாலதான் இவ்வளவு காலமும் தமிழ் அடிச்சனாங்கள்." சொல்லவில்லை. பாமினியில் அடித்துத்தான் எங்கட நினைவுமலர்கள், கோயில் மலர்கள், சிறுசஞ்சிகைகள், கல்யாணக் காட்டுகள் எல்லாம் வந்தன. அந்த விசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அக்காமாரின் கைவேகம் எங்களுக்கு ஏழு பிறப்பிலும் வராது. அவர்களின் பிழைப்பில் கை வைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. விசைப்பலகை வேறு, கோப்பில் வைக்கும் முறை வேறு. பாமினி விசைகளிலேயே அடித்து யூனிகோடாக வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. விரல் பழகியதை மாற்றத் தேவையில்லை. நாங்கள் குறை சொல்வது, யூனிகோடில் தமிழ் 1991 இலேயே வந்த பிறகும், இன்றைக்கும் "கட்டுரையைப் பாமினியில் 12 புள்ளி அளவில் தரவும்" என்று அறிவித்தல் ஒட்டுகிற இடங்களைத்தான். அச்சகத்துக்கு வேணுமென்றால் அச்சகத்துக்கு அப்படிக் குடுங்கோ. சேமிப்புக்கும் அதையே வைக்காதையுங்கோ.

மூன்றாவது புதிசு: "இப்ப ஏ.ஐ. எல்லாம் எழுதித் தருந்தானே." தரும். கேட்டால் அரை நிமிசத்தில் நிரல் வரும். அதில் 'டபிள்யூ' எங்கே நிற்குது, எந்தக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நிற்குது என்று வாசிக்கத் தெரியாதவர், இணையத்தில் பார்த்துச் செய்த எங்களைப் போலவே ஓட விடுவார். எழுதித் தர ஆள் இருந்தால் வாசித்துப் பார்க்கும் பொறுப்பு கூடும். பிறர் எழுதியதை வரிவரியாக நம்பாமல் வாசிப்பதைத்தானே நாலு வருடமாகக் கலைப்பீடத்தில் படிக்கிறோம்?

ஒவ்வொரு வருடமும் யூன் மாதம் பிறக்கும்போது நாங்கள் எல்லாரும் 1981 ஐப் பற்றி எழுதுகிறோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களைப் பற்றி, ஏட்டுச்சுவடிகளைப் பற்றி. எழுதத்தான் வேணும். எரித்தவர்களின் குற்றத்தை எங்கட கவலையீனத்தோடு ஒப்பிடவும் மாட்டோம், அது அநியாயம். ஆனால் அந்த நெருப்பை இவ்வளவு நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் பல்கலைக்கழகத்தில், ஒரு எழுத்துக்கோப்பைப் பத்திரமாகத் திறந்து மூடச் சொல்லித்தரும் ஒரு மணித்தியாலப் பாடம் இல்லை என்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. துக்கம் கொண்டாடுவதில் இருக்கும் ஒழுங்கு, பிரதி எடுத்து வைப்பதில் இல்லை.

செய்தவர்கள் இருக்கிறார்கள். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினார்கள். முதலில் தகுதரம் என்ற பழைய முறையில் வைத்தவற்றைப் பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது எழுத்தாகவே வைக்கப்பட்டதால்தான் பிறகு மாற்றவும் முடிந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் வலைத்தளத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நாங்கள் ஒவ்வொரு ஒப்படைக்கும் தேடி எடுக்கிறோம். அங்கே எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்த எங்களுக்கு, அந்த வேலையின் அடியில் இருக்கும் கைத்தொழிலைப் படிக்க மட்டும் பஞ்சி.

எங்கட கோரிக்கை பெரிசில்லை. கணினிப் பாடத்தில் ஸ்லைட் பறக்கிற கிழமைகளில் நாலை எங்களுக்குத் தாங்கோ. ஒரு கிழமை பைட்டும் எழுத்தும். ஒரு கிழமை கோப்பைத் திறப்பதும் மூடுவதும். ஒரு கிழமை நினைவகத் தாங்கி. ஒரு கிழமை பாமினியிலிருந்து யூனிகோடுக்கு ஒரு பக்கத்தை மாற்றி, பிழை திருத்துவது. படிப்பிக்க ஆளில்லை என்றால் பக்கத்துப் பீடத்திலிருந்து ஒருத்தரைக் கூப்பிடலாம், எழுத்திலக்கணம் எடுக்கிற சேரும் மிஸ்ஸும் கூட இருந்தால் இன்னும் நல்லம். ஆய்வேட்டை ஏற்கும்போது அச்சுப் பிரதியோடும் பீ.டி.எஃபோடும் யூ.டி.எஃப்-8 எழுத்துக்கோப்பு ஒன்றையும் கேளுங்கோ. நேர்காணல் ஆய்வென்றால் நேர்காணல்களின் கோப்புகளையும் கேளுங்கோ. இதற்குக் காசும் தேவையில்லை, அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

அவர்கள் தரும்வரைக்கும் நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மூலக்கோப்பை வாசிக்க மட்டும் திறப்பது. மாற்றுவதெல்லாம் முதலில் நினைவகத்தில். சரிபார்த்த பிறகு புதுப்பெயரில், 'எக்ஸ்' போட்டு, யூ.டி.எஃப்-8 என்று சொல்லி எழுதுவது. பைதனில் 'வித்' என்ற சொல்லோடு திறந்தால் இடையில் பிழை வந்தாலும் கோப்பு மூடப்படும், ஆகவே எப்பவும் அதோடு திறப்பது. எழுதிய கோப்பைத் திரும்பத் திறந்து வாசித்துப் பார்ப்பது. பிரதி இரண்டு இடத்தில் இருக்கும்வரைக்கும் ஒலிப்பதிவையும் கையெழுத்துத் தாளையும் தொடாமல் வைத்திருப்பது.

காலமான அந்த அம்மாவின் நேர்காணலில் எங்களுக்கு ஞாபகம் இருப்பதை நாலு பேரும் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். அவ எந்தப் பாதையால் நடந்தா என்பதில் இரண்டு பேரும், கூடக் கொண்டுபோன சாமான் என்ன என்பதில் மற்ற இரண்டு பேரும் முரண்படுகிறோம். நாலையும் அப்படியே, அது எங்கட ஞாபகம் மட்டுமே என்ற குறிப்போடு, ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்த்தோம். அவவின் சொற்கள் அதில் இல்லை.

உங்கட பென்டிரைவிலும் ஒரு பாமினிக் கோப்பு கிடக்கும். இன்றைக்கு அதைத் தேடி எடுங்கோ. முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. பிறகு பிரதியைத் திறவுங்கோ.